சிவப்பு தெரியாத சுருளில் ஒரு முகம்

1915-ல் வெளியான ஒரு பிரெஞ்சுத் தொடர்படம். அதன் மூன்றாம் பாகத்தில், பாரிஸில் ஒரு கேளிக்கை விடுதியின் வாசலில் ஒட்டியிருக்கும் போஸ்டரை ஒரு பத்திரிகை நிருபர் நின்று பார்க்கிறார். உள்ளே பாடப்போகிறவளின் பெயர் அதில் இருக்கிறது: இர்மா வெப் (Irma Vep). பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ரோமன் எழுத்துகள் ஒவ்வொன்றாக இடம் மாறுகின்றன. நகர்ந்து முடிந்ததும் படித்தால் 'வாம்பீர்' (Vampire). நகரத்தையே நடுங்கவைக்கும் கொள்ளைக் கும்பலின் பெயர் அது. உள்ளே போனால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த முகம், மை அப்பிய கண்கள், கறுத்த உதடுகள். மேடையில் அவள்.

அந்த உதடுகள் கறுப்பு இல்லை. எல்லார் உதட்டையும் போலச் சிவப்புதான். கறுப்பாக்கியது படச்சுருள்.

நடித்தவர் மியூசிடோரா. சொந்தப் பெயர் ஜான் ரோக். 1889-ல் பாரிஸில் பிறந்தவர். தெயோஃபீல் கோத்தியே எழுதிய ஒரு கதையின் நாயகியிடமிருந்து மேடைப் பெயரை எடுத்துக்கொண்டார். ஃபோலி பெர்ஜேர் போன்ற அரங்குகளில் ஆடிக்கொண்டிருந்தவரை இயக்குநர் லூயி ஃபுயாட் கோமோன் என்ற படநிறுவனத்துக்கு அழைத்துவந்தார். பத்துப் பாகங்களாக 1915 நவம்பரிலிருந்து 1916 ஜூன் வரை வெளிவந்த அந்தத் தொடர்படம், 'லே வாம்பீர்', அவரை ஊரறிய வைத்தது. இன்றைக்கும் அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது உடலோடு ஒட்டிய கறுப்பு உடையும் அந்த வெள்ளை முகமும்தான். ஒப்பனைக்காரரின் ரசனை, அந்தக் கால நாகரிகம் என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்வதுண்டு. என் கணக்கில் பாதிக்கு மேல் வேதியியல்.

சுருளின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெள்ளி புரோமைடு படிகங்கள். ஒளித்துகள் ஒன்று படிகத்தில் மோதினால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். அது ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்தால் ஒரு வெள்ளி அணு. இப்படி நாலைந்து அணுக்கள் ஓரிடத்தில் கூடினால் போதும், 'இங்கே ஒளி பட்டது' என்பதற்கு அதுவே அடையாளம். அப்புறம் டெவலப்பர் என்ற கரைசலில் முக்கும்போது, அடையாளம் விழுந்த படிகம் முழுவதும் வெள்ளியாக மாறிவிடுகிறது. நாலைந்து அணுக்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. மற்ற படிகங்களை இன்னொரு கரைசல் கழுவிக் கொண்டுபோய்விடும்.

எலெக்ட்ரானை விடுவிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். சிக்கல் இங்கேதான். நீல ஒளித்துகளிடம் அந்த ஆற்றல் இருக்கிறது, சிவப்பிடம் இல்லை. உயரக் கிளையில் தொங்கும் புளியங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் நின்று மெதுவாகக் கல் எறிந்தாலும் எதுவும் விழாது. கை வீச்சுள்ள ஒருவன் ஒரே கல்லில் தட்டிவிடுவான். வெள்ளி புரோமைடின் மேல் எவ்வளவு சிவப்பு ஒளியைக் கொட்டினாலும் ஒரு பயனும் இல்லாததற்குக் காரணம் இதுதான். டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததும் இதனால்தான்.

1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலாளர் ஒரு வழி கண்டார். சில சாயங்களைப் படிகங்களோடு சேர்த்தால் அவை பச்சை ஒளியை வாங்கி, எலெக்ட்ரானைப் படிகத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. ஆனாலும் மியூசிடோரா நடிக்க வந்த காலத்தில் புழக்கத்தில் இருந்த நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடும் மூலச் சுருள், நீலத்தையும் ஊதாவையும்தான் நன்றாகப் பார்க்கும். பச்சையும் மஞ்சளும் அரைகுறை. சிவப்பு சுத்தமாக இல்லை.

இப்போது அந்தச் சுருளின் கண்ணால் ஒரு மனித முகத்தைப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. சுருளுக்கு அது தெரியாது. சுருள் பார்க்காத இடம் திரையில் இருட்டாகத்தான் வரும். ஆகவே கன்னத்துச் செம்மை அழுக்குப்போலத் தெரியும். வெயிலில் கன்றிய தோல், மங்கிய பரு, புள்ளி எல்லாம் கறுத்துத் துருத்திக்கொண்டு நிற்கும். நீல விழிகள் வெளிறிப்போய்ப் பேய்க்களை தட்டும். நீல வானம் வெறும் வெள்ளைத் தாள். நம்மூர்க் குங்குமத்தை வைத்துப் படம்பிடித்திருந்தால் கரிப்பொட்டு என்றுதான் நினைத்திருப்போம்.

முகத்தில் தடித்த வெளிர்ப் பூச்சு பூசியது அழகுக்கு மட்டும் இல்லை. சுருள் ஊதிப்பெருக்கும் கறைகளை மூடுவதற்கு. மொத்த முகமும் வெளுத்தால் கண் தனியாக எடுத்துக்காட்டாது, அதனால் சுற்றிலும் மை. உதட்டுக்குச் சிவப்புச் சாயம் தொட்டால் திரையில் அது கறுப்பு. போதாததற்கு அன்றைய ஸ்டுடியோ விளக்குகள் வேறு. கரி மின்வில் விளக்கில் நீலமும் புறஊதாவும் தூக்கல். பாதரச ஆவி விளக்கிலோ சிவப்பு அறவே கிடையாது. அதன் கீழே நிற்கிறவர்கள் நேரில் பார்க்கவே பிணம்போல் பச்சை தட்டியிருப்பார்கள். சுருளுக்கு மட்டும் அது பரமசுகமான வெளிச்சம்.

இதில் ஒரு வேடிக்கை. இர்மா வெப் முதன்முதலாக வரும் அந்த மூன்றாம் பாகத்தின் தலைப்பே 'சிவப்புச் சங்கேதக் குறிப்பு'. கும்பலின் ரகசியங்கள் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தைச் சுற்றித்தான் கதை. சிவப்பே தெரியாத சுருளில் சிவப்புப் புத்தகம்! தலைப்பு அட்டையில் எழுதிச் சொன்னால்தான் உண்டு.

சரி, அந்தக் கறுப்பு உடைக்கு வருவோம். கறுப்புத் துணியிலிருந்து ஒளி திரும்பி வருவதே இல்லை, அதனால் நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். திரையில் ஓட்டும் பிரதியை எடுக்க, நெகட்டிவ் வழியாக இன்னொரு சுருளின் மேல் ஒளி பாய்ச்சுவார்கள். தெளிவான இடத்தில் ஒளி தடையில்லாமல் பாயும். அங்கே வெள்ளி அடர்ந்து படியும். நுண்துகள்களாகப் பொடிந்த வெள்ளி மின்னாது, கறுப்பாகத்தான் தெரியும். ஆக, இர்மா வெப் கூரை மேல் பதுங்கிப் போகும் காட்சியில் வெள்ளி அதிகம் இருப்பது அவள் உடையில்தான். வெள்ளித்திரை என்று சும்மா சொல்லிக்கொள்கிறோம். திரைக்கு வெள்ளி நிறத்தில் பூச்சுப் பூசியதுண்டு என்றாலும், அசல் உலோகம் சுருளில்தான் இருந்தது. ஓடி முடிந்த பழைய படங்களை நிறுவனங்கள் வெள்ளிக்காக உருக்கக் கொடுத்தபோது, பாவம், இருட்டான படங்கள்தான் நல்ல விலை போயிருக்க வேண்டும்!

அந்த இருட்டும் நிஜ இருட்டு அல்ல. அன்றைய சுருளுக்கு இரவில் படம்பிடிக்கும் சக்தி போதாது. பட்டப்பகலில் எடுத்துவிட்டு, பிரதியை நீலச் சாயத்தில் முக்குவார்கள். நீலம் என்றால் ராத்திரி, மஞ்சள் என்றால் விளக்கெரியும் அறை. பார்வையாளர்களுக்கு இந்த மொழி அத்துப்படி. ஆனால் ஒரு காட்சியில் விளக்கைப் போட வேண்டுமென்றால், நீலத் துண்டையும் மஞ்சள் துண்டையும் தனித்தனியாகச் சாயமேற்றி வெட்டி ஒட்ட வேண்டும்.

சிவப்பைப் பார்க்கும் சுருள் அப்போது இல்லவே இல்லையா? இருந்தது. அதே கோமோன் நிறுவனம் முதல் உலகப் போருக்கு முன்பே மூன்று வண்ண வடிகட்டிகள் வழியாக எடுத்த வண்ணப் படங்களைப் பாரிஸில் திரையிட்டுக் காட்டியது. சிவப்பு வடிகட்டிக்குப் பின்னால் சிவப்பை உணரும் சுருள் இல்லாமல் அது நடக்காது. ஆனால் விலை அதிகம், சீக்கிரம் கெட்டுவிடும், டெவலப் செய்யும்போது சிவப்பு விளக்குகூடப் போட முடியாது. கும்மிருட்டில் தடவித் தடவி வேலை பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் வாரக்கணக்கில் தொடர்படம் எடுத்துத் தள்ளுகிறவர் அதை ஏன் தொடப்போகிறார்?

மியூசிடோரா நடிப்போடு நிற்கவில்லை. தோழியும் எழுத்தாளருமான கொலெத்தோடு சேர்ந்து வேலை செய்தார், சொந்தமாகப் படம் எடுத்தார், இயக்கினார். 1920-களின் தொடக்கத்தில் ஸ்பெயினுக்குப் போய், காளைப்போர் வீரர் அந்தோனியோ கன்யெரோவை நடிக்கவைத்துப் படங்கள் எடுத்தார். இர்மா வெப்பைவிட எனக்குப் பிடித்தது இந்த மியூசிடோராதான். கைக்காசைப் போட்டு, கொளுத்தும் வெயிலில் எருதுகளோடு மல்லுக்கட்டியவர். காளைப்போரில் ஆட்டும் துணி சிவப்பு. அதைக் கண்டு காளை வெறிகொள்கிறது என்பது கதை. மாட்டின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று மஞ்சள்பச்சைக்கு. சிவப்புக்கென்று தனியாக இல்லை. காளை பாய்வது துணி அசைவதால். யோசித்துப் பார்த்தால், வளையத்தில் சிவப்பைச் சரியாகப் பார்க்காதவர்கள் இரண்டு பேர்: காளையும், ஓரத்தில் முக்காலியில் நின்ற கேமராவும்.

1926-ல் கோடாக் நிறுவனம் எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமேட்டிக் சுருளின் விலையைப் பழைய சுருளின் விலைக்கே இறக்கியது. அதற்குள் மியூசிடோராவின் திரை வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. இரண்டு வருடத்தில், கார்ல் டிரையர் பிரான்ஸில் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தில் ரெனே ஃபால்கோனெத்தி ஒப்பனையே இல்லாமல் நடித்தார். வெடித்த உதடும் தோலின் துளைகளும் அப்படியே தெரிந்தன. இர்மா வெப்பின் முகத்தையும் இந்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் ஐம்பது வருடம் ஓடியிருக்கும் என்று தோன்றும். ஓடியது பன்னிரண்டு பதின்மூன்று வருடம்தான்.

இந்த முகங்களெல்லாம் உட்கார்ந்திருந்த அடித்தளம் நைட்ரேட் செல்லுலாய்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தீச்சுருள் என்றே கூப்பிட்டார்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். எரியாவிட்டாலும் தானாகவே சிதையும். நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள் கசிந்து, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை இன்னும் முடுக்கும், இன்னும் வாயு கசியும். டப்பாவை மூடிவைத்தால் உள்ளேயே தங்கி மேலும் அரிக்கும். முதலில் வெள்ளியைத் தின்று படத்தை மங்கவைக்கும், பிறகு சுருள் பிசுபிசுவென்று ஒட்டும், தேன்போலக் குமிழியிடும், கடைசியில் பழுப்புப் பொடி. குளிர வைத்தால் வேகம் குறையும், நிற்காது.

ஃபுயாடின் தொடர் பிழைத்துக்கொண்டது. மியூசிடோரா இயக்கிய படங்கள் சில முழுதாகவே தொலைந்துபோயின. 1940-களில் அவர் வேலைக்குச் சேர்ந்த இடம், ஆன்ரி லாங்லுவா நடத்திவந்த சினமாத்தெக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகம். உருக்குவதற்குப் போக இருந்த சுருள்களையும் தேடிப்பிடித்துச் சேர்த்த இடம் அது. தன்னுடைய பழைய படத் துண்டுகளைக் கோத்து அவர் கடைசியாக ஒரு குறும்படமும் செய்தார். 1957-ல் காலமாகும்வரை அந்தக் காப்பகத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது.

சில நாட்களில் அங்கே டிக்கெட் கவுண்டரிலும் உட்கார்ந்திருப்பாராம். உள்ளே இர்மா வெப் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் போனவர்களில் அநேகம் பேர் அந்த வயதான அம்மாளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எப்படிக் கண்டுகொள்வார்கள்? அவர்கள் அறிந்திருந்த முகத்துக்குக் கறுப்பு உதடு.