கார் புதியது, ஆனாலும் தண்டம் வந்தது: ஐரோப்பிய நகரங்களின் குறைந்த உமிழ்வு வலயங்களும் நமது கோடைப் பயணங்களும்

கடந்த ஒக்டோபரில், ஹரோவில் வசிக்கும் ஒரு தம்பதியர் ஒரு கடித உறையையும் மழையில் நனைந்து காய்ந்த ஒரு துண்டுச் சீட்டையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். ஓகஸ்ட் மாதம் டோவரில் கப்பல் ஏறி, பெல்ஜியத்தில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கி, ஜேர்மனியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய், திரும்பும் வழியில் பரிஸ் பிள்ளையார் தேரையும் கண்டுவந்த குடும்பம் அது. கடிதம் பெல்ஜிய நகரமொன்றிலிருந்து வந்திருந்தது. சீட்டு, ஜேர்மன் நகரமொன்றில் விடுதிக்கு முன்னால் நிறுத்தியிருந்த காரின் வைப்பருக்குக் கீழே செருகப்பட்டிருந்தது. "அண்ணை, கார் வாங்கி நாலு வருசம் கூட ஆகேல்லை. அதுவும் ஹைபிரிட். இதில எங்க புகை?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அவருடைய கார் அந்த இரண்டு நகரங்களிலும் தாராளமாக ஓடக்கூடிய கார்தான். கடிதத்தை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தேன். புகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பதிவு செய்யாமல் குறைந்த உமிழ்வு வலயத்துக்குள், அதாவது அதிகம் புகை விடும் வாகனங்களைக் கட்டுப்படுத்த நகரம் வகுத்த பகுதிக்குள், நுழைந்த வெளிநாட்டு வாகனம் என்பதே குற்றச்சாட்டு. ஜேர்மன் சீட்டிலும் அதே கதைதான்: முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனில் இருந்துகொண்டு நம்மவர்களின் ஐரோப்பியத் தரைவழிப் பயணங்களை ஒழுங்குசெய்து வரும் எனக்கு, இப்படிப்பட்ட கடிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவது கவலையளிக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களைவிடப் புதிய கார் வைத்திருப்பவர்களே இதில் அதிகமாக மாட்டுகிறார்கள் என்பது என் அனுபவம். பழைய கார்க்காரர் பயந்து முன்கூட்டியே விசாரிக்கிறார். புதிய கார்க்காரர் தனக்கு இது பொருந்தாது என்று நினைத்துப் புறப்பட்டுவிடுகிறார்.

இந்த வலயங்களை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. லூவிஷம் சிவன் கோவிலுக்குப் போய்வருபவர்களுக்குச் சவுத் சேர்குலர் வீதியின் நெரிசல் நன்கு தெரியும். அந்த வீதிக்கு அருகில் வாழ்ந்த எலா அடூ-கிசி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவினால் 2013 இல் இறந்தாள். அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் அப்படியொரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் தடவை. டீசல் எஞ்சின் வெளியிடும் நைதரசன் டையொக்சைட்டும் நுண்துகள்களும் வீதியோரக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் போகின்றன என்பதில் ஐயமில்லை. ஆகவே வலயங்கள் வேண்டும். என் மனக்குறை வேறு: ஒரே நோக்கத்துக்காக ஒவ்வொரு நாடும், சில இடங்களில் ஒவ்வொரு நகரமும், தனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் நான்கு நாடுகளைக் கடக்கும் ஒரு குடும்பம், தன் கார் சுத்தமானது என்பதை நான்கு இடங்களில் நான்கு விதமாக, அதுவும் போவதற்கு முன்பே, நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஜேர்மனியில் ஒட்ட வேண்டும். அங்கே உம்வெல்ட்சோனே எனப்படும் சூழல் வலயங்கள் 2008 ஜனவரி 1 ஆம் திகதி பெர்லின், கொலோன், ஹனோவர் ஆகிய நகரங்களில் தொடங்கின. வலய எல்லையில் சிவப்பு வளையமும் அந்தச் சொல்லும் கொண்ட பலகையும் அதன் கீழே பச்சை வட்டமும் இருக்கும். பச்சை வட்டத்துக்குள் 4 என்ற இலக்கமும் அதன் அடியிலுள்ள வெள்ளைப் பகுதியில் உங்கள் காரின் பதிவு இலக்கமும் கொண்ட ஸ்டிக்கரை முன்கண்ணாடியின் உட்புறம், வலப்பக்கக் கீழ்மூலையில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் 100 யூரோ தண்டமும் அதற்குமேல் நிர்வாகச் செலவும். ஓடும்போது மட்டுமல்ல, நிறுத்தி வைத்திருக்கும்போதும் இது பொருந்தும். மேலே சொன்ன குடும்பம் மாட்டியது அப்படித்தான். வெளிநாட்டு இலக்கத்தகடுள்ள மின்சாரக் காருக்கும் ஸ்டிக்கர் வேண்டும் என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். காவலர் பார்ப்பது கண்ணாடியைத்தான், எஞ்சினை அல்ல.

இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பெயரின் முதலெழுத்தோ பிறந்த ஆண்டோ வரும்படி விரும்பிய இலக்கத்தகட்டைப் பணம் கொடுத்து வாங்கி மாட்டும் வழக்கம் நம்மிடையே அதிகம். பழைய இலக்கத்துக்கு எடுத்த ஸ்டிக்கர் புதிய இலக்கத்துக்குச் செல்லாது. வெயிலில் எழுத்து மங்கிப்போய் இலக்கம் வாசிக்க முடியாமற்போன ஸ்டிக்கரும் செல்லாததாகவே கருதப்படலாம். சென்ற ஆண்டு ஒருவர் தன்னிடம் ஸ்டிக்கர் இருப்பதாக உறுதியாகச் சொன்னார். காரைப் போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்தது, அதில் இருந்த இலக்கம் அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கைவிட்ட இலக்கம்.

ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்மன் கோவில் தேருக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் எழுதுகிறேன். கோவில் ஊண்ட்ரொப் தொழிற்பேட்டைப் பகுதியில், ஏ2 நெடுஞ்சாலைக்கு அருகில் இருக்கிறது. அங்கு போய்வருவதில் சிக்கல் வருவதில்லை. ஆனால் திருவிழா நாட்களில் ஹம்மில் அறை கிடைக்காமல் டோர்ட்முண்டில் தங்கும்போதுதான், ரூர் பகுதியின் பெரிய சூழல் வலயத்துக்குள் கார் போய்விடுகிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி விடுதி வாசலுக்குப் போகும் அந்தச் சில கிலோமீற்றர்தான் விவகாரம்.

பிரான்சிலும் ஒட்டத்தான் வேண்டும், ஆனால் அது வேறு ஸ்டிக்கர். ஜேர்மன் ஸ்டிக்கரை அங்கே யாரும் ஏற்பதில்லை. கிறிட்எயர் எனப்படும் அந்த வில்லையில் மின்சாரக் காருக்கு 0, மற்றவற்றுக்கு 1 முதல் 5 வரை வகைகள் உண்டு; இலக்கம் கூடக் கூடப் புகை அதிகம். 2025 ஜனவரி முதல், ஏ86 சுற்றுவீதிக்கு உட்பட்ட பெரும் பரிஸ் பகுதியில் மூன்றாம் வகைக் கார்களும் வார நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தடைசெய்யப்பட்டன. 2011 க்கு முந்திய பெரும்பாலான டீசல் கார்களும் 2006 க்கு முந்திய பெற்றோல் கார்களும் அதற்குள் அடங்கும். கார்களுக்கான தண்டம் 68 யூரோ. பரிஸின் லா ஷப்பல் பகுதியில் பிள்ளையார் தேர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றைக்குத் தடை இல்லை. வெள்ளிக்கிழமை மதியமே போய், கடைத்தெருவில் சேலை வாங்கிவிட்டுத் தங்குபவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

பெல்ஜியத்தில் ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் அது மிகவும் ஏமாற்றுகிறது. அன்ட்வேர்ப் 2017 இலும், பிரசெல்ஸ் 2018 இலும், கென்ட் 2020 இலும் வலயங்களைத் தொடங்கின. அங்கே கமெராக்கள் இலக்கத்தகட்டைப் படம் பிடித்து ஒரு தரவுத்தளத்தில் தேடுகின்றன. பெல்ஜிய வாகனங்களின் விபரம் அந்தத் தளத்தில் ஏற்கனவே உண்டு. பிரித்தானிய வாகனத்தின் விபரம் இல்லை. ஆகவே நீங்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து, பதிவுப் புத்தகத்தின் படத்தையும் ஏற்றினால்தான் உங்கள் கார் சுத்தமானது என்று அந்தக் கணினிக்குத் தெரியும். பதிவுக்குக் கட்டணமில்லை. பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் விட்டதற்கே தண்டம் வருகிறது. தகுதியில்லாத வாகனமாக இருந்தால் பிரசெல்ஸில் அது 2025 இல் 350 யூரோவாக இருந்தது.

இலண்டனுக்கு வரும் உறவினர்களுக்கும் இதே பிரச்சினைதான், திசை மட்டுமே மாறுகிறது. யூலெஸ் எனப்படும் இலண்டனின் மிகக்குறைந்த உமிழ்வு வலயம் 2019 ஏப்ரலில் மத்திய இலண்டனில் தொடங்கி, 2021 ஒக்டோபரில் நோர்த் சேர்குலர், சவுத் சேர்குலர் வீதிகள் வரை விரிந்து, 2023 ஓகஸ்ட் 29 முதல் ஹீத்ரோ விமான நிலையம் உட்பட எல்லா இலண்டன் மாநகரப் பகுதிகளையும் உள்ளடக்கியது. யூரோ 4 தரத்துக்குக் குறைந்த பெற்றோல் காரும் (இங்கே யூரோ என்பது நாணயமல்ல, ஐரோப்பியப் புகைத் தர வரிசை; இலக்கம் கூடக் கூடச் சுத்தம் அதிகம்), யூரோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் காரும் நாளொன்றுக்கு 12.50 பவுண் செலுத்த வேண்டும். நத்தார் தினம் ஒன்றுதான் விதிவிலக்கு. நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. பரிஸில் இருந்து 2013 இல் பதிவான ஒரு டீசல் வானில் இல்ஃபோர்ட் கலியாண வரவேற்புக்கு வந்த ஒரு குடும்பம், இரவு 11 மணிக்கு மண்டபத்தை விட்டுப் புறப்பட்டு 12.20 க்கு க்ரொய்டனில் சித்தப்பா வீட்டை அடைந்தது. அந்த ஓர் ஓட்டத்துக்கு இரண்டு நாள் கட்டணம், 25 பவுண். அவர்கள் ஒரு நாளுக்கு மட்டுமே செலுத்தியிருந்தார்கள். பயணித்த நாளுக்குப் பின்வரும் மூன்றாவது நாள் நள்ளிரவுக்குள் கட்டாவிட்டால் 180 பவுண் தண்டம். 14 நாட்களுக்குள் கட்டினால் அது பாதியாகும். ஆனால் கடல் கடந்து வரும் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது அந்தச் சலுகையின் நாட்கள் பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். தரமான வெளிநாட்டுக் காரும் முன்பதிவு செய்யப்படவில்லையென்றால் தரமற்றதாகவே கணக்கிடப்படும் என்பதை உறவினர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். மத்திய இலண்டனின் நெரிசல் கட்டணம் இதிலிருந்து வேறானது. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது.

நம் குடும்பங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வாகனத்தை எடுத்துக்கொள்வோம்: 2012 இல் பதிவான, ஏழு பேர் இருக்கக்கூடிய, யூரோ 5 தர டீசல் வான். ஜேர்மனியில் அதற்குப் பச்சை ஸ்டிக்கர் கிடைக்கும். பிரான்சில் அது இரண்டாம் வகை, பரிஸுக்குள் போகலாம். இலண்டனில் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். பிரசெல்ஸில் அதன் கதை ஒரு வழக்காகவே நீண்டது: 2025 ஜனவரியில் வரவிருந்த தடையைப் பிராந்திய நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தது, அப்படித் தள்ளிவைத்த சட்டத்தையே 2025 செப்டெம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இடைநிறுத்தியது. பிரான்சிலும் 2025 ஜூனில் தேசியச் சட்டமன்றம் இந்த வலயங்களையே நீக்கும்படி வாக்களித்தது. ஜேர்மனியில் ஹனோவர் 2024 இல் தன் வலயத்தை எடுத்துவிட்டது. போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பிப் புறப்படக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். பயணத்துக்கு முந்திய வாரம், அந்தந்த நகரத்தின் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

காரின் தரம் என்னவென்று தெரியாமல் இதில் எதையும் செய்ய முடியாது. ஐரோப்பிய நாடுகளின் பதிவுப் புத்தகங்களில் வி.9 என்ற கட்டத்தில் அது இருக்கும். பழைய பிரித்தானியப் புத்தகங்களில் யூரோ தரம் குறிப்பிடப்பட்டிருக்காது; அப்போது முதற்பதிவுத் திகதியும், அதுவும் போதாவிட்டால் உற்பத்தி நிறுவனம் தரும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழ் வந்துசேர வாரங்கள் ஆகும்.

ஸ்டிக்கர் வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கிறிட்எயர் வில்லையை பிரெஞ்சு அரசின் தளத்தில் தபால் செலவோடு சில யூரோவுக்குப் பெறலாம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் பல அதற்குப் பல மடங்கு பணம் கேட்கின்றன. இருபத்தைந்து, முப்பது யூரோ கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தாலியில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். புளோரன்ஸ் போன்ற பழைய நகரங்களின் மையத்தில் உள்ளவை புகை வலயங்கள் அல்ல. அனுமதி பெற்றவர்கள் மட்டும் போகக்கூடிய தடை வலயங்கள். எவ்வளவு சுத்தமான காரானாலும் அங்கே தண்டம்தான். விடுதி வலயத்துக்குள் இருந்தால், உங்கள் இலக்கத்தைப் பதிந்து தரும்படி விடுதியிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாடகை நிறுவனம் உங்கள் விபரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கென்று தனிக் கட்டணம் எடுக்கும். உண்மையான தண்டக் கடிதம் பல மாதங்கள் கழித்து வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்ப அங்கே 360 நாள் அவகாசம் உண்டு.

கடிதம் வந்துவிட்டால் அதைக் குப்பையில் போடாதீர்கள், பயத்தில் உடனே பணத்தைக் கட்டியும் விடாதீர்கள். திகதி, நேரம், இடம், இலக்கத்தகட்டின் படம் ஆகிய நான்கையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கார் தரமானது என்றால், பதிவுப் புத்தகத்தின் பிரதியுடன், குறிப்பிட்ட கால எல்லைக்குள் எழுத்தில் முறையிடலாம். ஹரோக் குடும்பத்துக்காக நாங்கள் பெல்ஜிய நகரத்துக்கு அப்படித்தான் எழுதினோம். முதல் தடவை என்பதைக் கருத்தில் எடுத்துத் தண்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். ஜேர்மன் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தம்பி இம்முறையும் ஓகஸ்டில் பரிஸ் தேருக்குப் போகிறார். வில்லை தபாலில் வந்துசேர ஆறு வாரம் வரை ஆகலாம் என்பதால், ஜூலை முதல் வாரத்துக்குள் விண்ணப்பிக்கும்படி நாட்காட்டியில் குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஜேர்மன் ஸ்டிக்கரை அவர் ஏற்கனவே ஒட்டிவிட்டார். இலக்கம் சரியா என்று பார்க்கச் சொல்லி அதன் படத்தை நேற்று எனக்கு அனுப்பியிருந்தார்.