ஃப்ளூ சீசனில் அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்களா? பார்வையாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தியாவில் ஃப்ளூ காய்ச்சல் வருடத்துக்கு இரண்டு முறை ஏறும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரு முறை, மழைக்காலத்தை ஒட்டி இன்னொரு முறை. தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழையோடு வார்டுகள் நிரம்பத் தொடங்கும். உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கிளம்பி வருவதும் அப்போதுதான்.

வெளியாட்களை மருத்துவமனை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது: நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர், பார்த்துவிட்டுப் போக வருபவர். வார்டில் தரும் பாஸ் துணைக்கு இருப்பவருக்கு உரியது. பகலுக்கு அம்மா, ராத்திரிக்கு அண்ணன் என்று முறை மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அதே பாஸைக் கைமாற்றிப் பெரியப்பா ஒரு நடை, மச்சான் ஒரு நடை என்று போய் வந்தால் பாஸ் வைத்ததற்கே அர்த்தமில்லை. பார்க்க வருபவர்களுக்குத் தனி நேரம் உண்டு. அது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்பதால் வாசலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சின்னக் குழந்தைகளைப் பெரும்பாலும் வார்டுக்குள் விடமாட்டார்கள். அதற்காகச் செக்யூரிட்டியிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

யார் போகக்கூடாது? மத்திய சுகாதார அமைச்சகம் ஃப்ளூ காய்ச்சலை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் ஏ பிரிவு. இவர்களுக்குப் பரிசோதனையோ ஃப்ளூ மாத்திரையோ தேவையில்லை, வீட்டிலேயே இருக்க வேண்டும், வெளியாட்களோடும் எளிதில் பாதிக்கப்படுபவர்களோடும் கலக்கக்கூடாது என்பதுதான் வழிகாட்டுதல். கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சிறு குழந்தைகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோயாளிகள் எல்லாம் எளிதில் பாதிக்கப்படுபவர்கள் பட்டியலில் வருகிறார்கள். வார்டில் படுத்திருப்பவர்களில் பலர் இந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஆகவே ‘லேசான ஜலதோஷம்தானே’ என்று கிளம்புவது அந்த வழிகாட்டுதலுக்கே நேர் விரோதம். நேரில் வரவில்லை என்று நாளைக்கு யாராவது குறைபட்டுக்கொண்டால் பட்டுக்கொள்ளட்டும், வீடியோ காலில் பேசிவிடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஃப்ளூ பரவும். நன்றாக இருப்பவரும் மாஸ்க் போட வேண்டியது அதனால்தான். எச்3என்2 ஃப்ளூவும் கொரோனாவும் சேர்ந்து ஏறிய 2023இல், ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளுக்குள் டாக்டர், நோயாளி, பார்வையாளர் எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கெடுபிடி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. யாரும் கேட்கவில்லை என்றாலும் போட்டுக்கொண்டே போங்கள். வாசலில் ஒழுங்காகப் போட்டிருக்கும் மாஸ்க், கட்டில் பக்கத்தில் போய்ப் பேச ஆரம்பித்ததும் தாடைக்கு இறங்கிவிடுகிறது. ஃப்ளூ கிருமி தெறிப்பது அந்தப் பேச்சிலும் இருமலிலும்தான்.

கட்டிலில் உட்காராதீர்கள். கட்டில் கம்பி, ஸ்டூல், கதவுப் பிடி போன்ற கெட்டியான பரப்புகளில் ஃப்ளூ கிருமி ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சோப்புப் போட்டு 40 முதல் 60 வினாடி கை கழுவுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி தேய்த்தால் போதும்.

பிரசவத்துக்குச் சேர்ந்திருப்பவர்கள் விஷயம் தனி. பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்பது அரசே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. 2016இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலின்படி அவர் பெண் உறவினராக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது. மற்ற பெண்களுக்குச் சங்கடம் இல்லாதபடி மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் விடலாம். தொற்று நோய் இருக்கக்கூடாது என்பதும் அதிலேயே உள்ள நிபந்தனை. ஆகவே கூட இருக்கப்போகும் அத்தைக்கோ சித்திக்கோ இருமல் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, இன்னொருவரையும் தயாராக வைத்திருங்கள். வலி எடுத்த பிறகு ஆள் தேடுவது பெரும்பாடு.

பார்த்துவிட்டு வந்த 1 முதல் 4 நாளுக்குள் உங்களுக்கே காய்ச்சல் வரலாம். மேலே சொன்ன பட்டியலில் இருப்பவரானால் தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஃப்ளூவுக்குத் தரும் ஓசெல்டாமிவிர் மாத்திரை, காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தேவையா இல்லையா என்பதை டாக்டர் சொல்வார், மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சந்தேகம் கேட்க 104 உதவி எண். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்வது இதில் எது தெரிந்தாலும் 108.