டெஸ்டுக்கு முந்தைய கடைசி ஃபிளைட்

சொந்த ஊர் தர்மபுரி. வெளியூரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தைய கடைசி ஃபிளைட்டில் புதிதாக எதையும் சொல்லித் தர மாட்டேன். சரிப்படாத லேண்டிங்கைக் கைவிடும் துணிச்சல் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

அப்படித்தான் பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவனோடு செஸ்னா 172 எஸ் என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் ஏறினேன். கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தது வேண்டிய 200 மணி நேரத்தை முடித்தவன். 2,000 அடியில் இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை இழுத்து, "இன்ஜின் போச்சு" என்றேன். பதறவில்லை. இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகமான 68 நாட் பிடித்தான் (நாட் என்பது விமான வேகத்தின் அளவு), காற்று பார்த்தான், கீழே ஒரு தரிசைத் தேர்ந்தான், கை தானாக, எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் ஃபியூயல் செலக்டருக்குப் போனது. அருமை.

தடுமாறியது ஃபைனலில், அதாவது திரும்பி வந்து ஓடுதளத்தை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில். 65 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 78. உயரமும் அதிகம். 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகமும் பாதையும் சரியாகவில்லை என்றால் கோ-அரவுண்ட், அதாவது லேண்டிங்கைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது என்பது நான் முதலிலேயே சொல்லித் தருவது. அவனோ மூக்கை அழுத்தி இறக்கப் பார்த்தான். கூடுதல் வேகம் இருக்கும்வரை இறக்கை தூக்கிக்கொண்டேதான் இருக்கும். விமானம் தரை தொடாமல் மிதந்தது. பாதி ஓடுதளம் பின்னால் போய்விட்டது. கண்ட்ரோலை வாங்கினேன். முழு பவர், இறக்கையின் பின்பக்க மடிப்பான ஃபிளாப்பை 20 டிகிரிக்குக் குறைத்து, 60 நாட், மேலே.

இறங்கிய பிறகு உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கோ-அரவுண்ட் போனா டெஸ்டுல ஃபெயிலாக்கிடுவாங்கன்னு பயம் சார்." கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி தூங்கல. நிலப் பத்திரம் பேங்க்ல இருக்குன்னு அப்பா போன்ல சொன்னாரு."

டெஸ்டைத் தள்ளி வைத்தேன்.

சரியான நேரத்தில் போகும் கோ-அரவுண்டை எந்த நல்ல எக்ஸாமினரும் குறையாக எழுத மாட்டார். உடம்பு, மருந்து, மன உளைச்சல், மது, களைப்பு, சாப்பாடு என ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் விமானி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். தூக்கமில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள் தம்பிகளே, தங்கைகளே. எந்த இன்ஸ்ட்ரக்டரும் அதற்காகக் கோபிக்கக் கூடாது. பெற்றோருக்கும் ஒன்று: நிலத்தை அடகு வைக்கும் முன் பிள்ளைக்கு விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைகளான கிளாஸ் 2 மெடிக்கலும் கிளாஸ் 1 மெடிக்கலும் முடித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கண்ணில் குறை தெரிந்து அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

லீவில் ஊருக்கு வந்தபோது அவன் அப்பா தேடி வந்தார். லாரி டிரைவர். டெஸ்ட் தள்ளிப்போன வருத்தம் முகத்திலேயே இருந்தது.

"அண்ணே, லேட்டாயிடுச்சுன்னு தொப்பூர் கணவாயில நியூட்ரல்ல விடுவீங்களா?"

"எப்படி சார் விடுவேன்? பிரேக் சூடாகி நிக்காது. மேட்டுலயே கியரக் கொறச்சிரணும். பாதி எறங்கின பெறகு யோசிச்சா ஆவாது."

"ஓனர் திட்டுவாரே?"

"திட்டட்டும்."

"உங்க பையன் அன்னைக்கு ஓனருக்குப் பயந்த டிரைவர் மாதிரி எறக்கினான் அண்ணே."

வெகுநேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இனிமே நான் போன் பண்ணக் கூடாதா சார்?"

"பண்ணுங்கண்ணே. சாப்ட்டியா, தூங்கினியான்னு கேளுங்க. பத்திரத்தப் பத்தி டெஸ்ட் முடிஞ்சு பேசிக்கலாம்."