வாக்குச்சாவடி வாசலில் ஒரு கேள்வி

அமெரிக்காவில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவரிடம் கருத்துக்கணிப்புக்காரர்கள் ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் ஒரு கேள்வி: நீங்கள் மறுபடியும் பிறந்த, அதாவது இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவரா? (இவாஞ்சலிக்கல் என்றால், மனமாற்றத்தையும் வேதாகமத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டண்ட் பிரிவினர்.) ‘ஆம்’ என்று குறித்தவர் வெள்ளையராக இருந்தால், அவருடைய ஓட்டு எங்கே விழுந்தது என்று அநேகமாகக் கேட்கவே வேண்டாம். 2016-ல் அப்படிக் குறித்த பத்தில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சியின் டிரம்புக்குப் போட்டார்கள்.

கத்தோலிக்கர்களிடம் இந்த ஜோசியம் பலிக்காது. 1960-ல் ஜனநாயகக் கட்சியின் கென்னடி நின்றபோது கத்தோலிக்கர்களில் 78% பேர் அவருக்கு வாக்களித்ததாக காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கணக்கிட்டது. 2020-ல் அதே கட்சியில் இன்னொரு கத்தோலிக்கரான பைடன் நின்றார். கிடைத்தது ஏறக்குறைய பாதி. அதிலும் வெள்ளைக் கத்தோலிக்கர் டிரம்ப் பக்கம், லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் பைடன் பக்கம்.

ஒரு காரணம், கத்தோலிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) போதனை எந்தக் கட்சியின் சட்டைக்கும் அளவு சேராதது. கருக்கலைப்பை எதிர்ப்பதில் அவர்கள் குடியரசுக் கட்சிக்குப் பக்கம். குடியேறிகள், மரண தண்டனை என்று வந்தால் ஜனநாயகக் கட்சிக்குப் பக்கம். இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது, கூடும் இடம். கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி, முகவரியை வைத்து வருவது. அந்த எல்லைக்குள் இருக்கும் வக்கீலும் நேற்று நாட்டு எல்லை தாண்டி வந்த கூலித் தொழிலாளியும் ஒரே பூசைக்கு வரலாம். இவாஞ்சலிக்கல் சபையோ நாமே தேடிப் பிடிப்பது. பாஸ்டரின் பேச்சு பிடிக்கவில்லையா, காரை எடுத்துக்கொண்டு அடுத்த சபைக்குப் போய்விடலாம். இப்படிச் சலித்துச் சலித்து, கடைசியில் ஒரே மாதிரி நினைப்பவர்களே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

வேதாகமம்தான் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்பவர்கள் கறுப்பின புராட்டஸ்டண்ட் சபைகளைப் பார்க்க வேண்டும். அதே வேதம், அதே இரட்சிப்பு, அதே ஞானஸ்நானம். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள். அங்கே சபையின் நினைவில் இருப்பது அடிமைமுறையும் சம உரிமைப் போராட்டமும்.

போதனைகூட அசையாமல் நிற்பதில்லை. இன்று கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் இவாஞ்சலிக்கல் பிரிவினரான தெற்கு பாப்டிஸ்டுகள், 1971-ல் பாலியல் வன்கொடுமை, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்கு அதைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமென்று தீர்மானம் போட்டவர்கள். பாப்டிஸ்ட் பாஸ்டர் ஜெர்ரி ஃபால்வெல், பழமைவாதக் கிறிஸ்தவர்களை அரசியலில் திரட்டிய ‘மாரல் மெஜாரிட்டி’ இயக்கத்தைத் தொடங்கியது 1979-ல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வேதாகமம் மாறவில்லை, அரசியல் மாறியிருந்தது.

அம்பு எதிர்த்திசையிலும் பாய்கிறது: அரசியலும் மத அடையாளத்தை மாற்றுகிறது. பியூ ஆய்வு மையம் ஒரே ஆட்களிடம் 2016-லும் 2020-லும் கேட்டது. முதல் முறை ‘நான் இவாஞ்சலிக்கல் இல்லை’ என்ற வெள்ளையர்களில், டிரம்பை விரும்பியவர்களில் 16% பேர் இரண்டாம் முறை ‘ஆம்’ என்றார்கள். அவரைப் பிடிக்காதவர்களில் அப்படி மாறியவர்கள் 1%.