எடுத்த எண்ணும் விட்ட எண்ணும்: விளையாட்டு டெஸ்க்கில் கற்ற பாடங்கள்

2012 மார்ச் 16 அன்று மிர்பூரில் சச்சின் டெண்டுல்கர் தன் 100வது சர்வதேச சதத்தை அடித்தார். ஓராண்டுக்கும் மேலாக நாடே காத்திருந்த சதம். அன்று மாலைக்குள் எங்கள் விளையாட்டுப் பக்கங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. சதங்களின் பட்டியல், பழைய படங்கள், வாழ்த்துச் செய்திகள் எல்லாம் மாதக்கணக்காகக் கோப்பில் தயாராக இருந்தவை. இரவு ஆட்டம் முடிந்தபோது இந்தியா தோற்றிருந்தது. 290 என்ற இலக்கை வங்கதேசம் 4 பந்துகள் மீதமிருக்க எட்டிவிட்டது. தமிம் இக்பால் 70, ஷாகிப் 31 பந்துகளில் 49, கடைசியில் முஷ்பிகுர் 25 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 46. வங்கதேசக் கிரிக்கெட்டின் பெரிய இரவுகளில் அது ஒன்று.

நாங்கள் பக்கத்தை மாற்றவில்லை. தோல்வி, உள்ளே இரண்டு பத்திச் செய்தியாகப் போனது. சச்சினின் 114 எட்டுப் பத்தி அகலத்தில் நின்றது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட 147 பந்துகள் ஸ்கோர்கார்டின் பொடி எழுத்தில் மட்டும் இருந்தன. மறுநாள் பேப்பர் வாங்கியவருக்கு நாங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் படித்தது நடந்த ஆட்டத்தை அல்ல.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கிரிக்கெட் செய்தி எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் துறையில் ஒருதலைப்பட்சம் அனேகமாகப் பொய்யாக வருவதில்லை. சரியான எண், சரியான மேற்கோள், சரியான பெயர் என்று எல்லாம் சரியாகவே இருக்கும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதில்தான் சாய்வு இருக்கும். அதனால்தான் வாசகரால் அதைப் பிடிக்க முடிவதில்லை. சரிபார்த்தால் எல்லாம் உண்மை என்றே தெரியும்.

அந்த நூறாவது சதத்துக்காகக் காத்திருந்த மாதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் இங்கிலாந்தில் இந்தியா 4 டெஸ்ட்களிலும் தோற்றது. அந்தத் தொடரில் ராகுல் டிராவிட் லார்ட்ஸ், நாட்டிங்காம், ஓவல் என மூன்று சதங்களோடு 461 ரன் எடுத்தார். சுற்றிலும் விக்கெட்கள் சரிய, ஒருவர் மட்டும் நின்று ஆடிய தொடர் அது. நான் திருத்திய செய்திகளிலோ, ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்பும் முதல் வரி 'இந்த முறையாவது நூறாவது சதம் வருமா' என்பதுதான். டிராவிட்டுக்கு எதிராக யாருக்கும் எந்த எண்ணமும் கிடையாது. எழுதிவைத்த கதை ஒன்று இருந்தது. அதில் அவருக்கு வேடம் இல்லை, அவ்வளவுதான்.

எண்களை வைத்து எப்படிச் சாய்க்கிறோம் என்பதற்கு, இலங்கையின் முரளிதரன், ஆஸ்திரேலியாவின் வார்ன் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்களின் ஒப்பீட்டைவிட நல்ல பாடம் கிடையாது. முரளி 133 டெஸ்ட்களில் 800 விக்கெட். வார்ன் 145 டெஸ்ட்களில் 708. ஆஸ்திரேலியப் பக்கம் சாய்ந்து எழுத வேண்டுமா? முரளியின் 800இல் 176 விக்கெட்கள் வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக எடுத்தவை என்று எழுதலாம். 493 விக்கெட்கள் சொந்த மண்ணில் எடுத்தவை என்று சேர்க்கலாம். ஆஸ்திரேலிய மண்ணில் அவர் 5 டெஸ்ட்களில் 12 விக்கெட்தான், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 75 என்று முடிக்கலாம். மூன்றும் உண்மை.

இப்போது மறுபக்கம். அந்த 176ஐயும் அவற்றுக்கான 25 டெஸ்ட்களையும் கழித்துவிடுங்கள். மீதம் 108 டெஸ்ட்களில் 624 விக்கெட். ஒரு டெஸ்டுக்கு ஏறக்குறைய 5.8. வார்னுக்கோ மொத்தக் கணக்கில் 4.9. சுழற்பந்தை நன்றாக ஆடத் தெரிந்த இந்தியாவுக்கு எதிராக வார்னின் சராசரி 47, முரளியின் சராசரி 33. இவையும் உண்மை.

முரளி தமிழர். எனவே எங்கள் டெஸ்க்கில் இரண்டாவது பத்தியில் உள்ள எண்கள்தான் எப்போதும் அச்சேறின. ஆஸ்திரேலியாவில் 75 என்ற சராசரியை என் கையால் ஒருமுறைகூட நான் எழுதியதில்லை. யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. வெளியூர்ப் பத்திரிகையின் சாய்வு நம் கண்ணுக்கு உடனே படுகிறது; நம் சாய்வு நமக்கு வெறும் அன்பாகத் தெரிகிறது. அஸ்வின் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. 2023இல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் அவரைச் சேர்க்காதது பெரிய தவறு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் முதல் நாள் முடிவிலேயே ஆஸ்திரேலியா 3 விக்கெட்டுக்கு 327 என்று நின்றதையும், நம் பேட்ஸ்மேன்கள் இரண்டு இன்னிங்ஸிலும் 300ஐத் தொடாததையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, 209 ரன் தோல்விக்கு அந்த ஒரு முடிவே காரணம் என்கிற தொனியில் எழுதினோம். படித்தவர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் கிடைக்கிறதே என்பதும் ஒரு காரணம்.

வீரர்களின் 'ஃபார்ம்' பற்றிய புள்ளிவிவரத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவரைக் குறைசொல்ல வேண்டுமானால், கணக்கை அவருடைய கடைசிச் சதத்துக்கு அடுத்த இன்னிங்ஸிலிருந்து தொடங்குவார்கள். தூக்கிப்பிடிக்க வேண்டுமானால் அந்தச் சதத்திலிருந்தே தொடங்குவார்கள். 'கடந்த 11 இன்னிங்ஸில்' என்று ஒரு விசித்திரமான கணக்கைக் கண்டால், ஏன் 10 இல்லை, ஏன் 15 இல்லை என்று கேளுங்கள். அந்தப் பன்னிரண்டாவது இன்னிங்ஸைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பெரிய ஸ்கோர் இருக்கும்.

சொல் விஷயம் எண்ணைவிட ஆழமாக வெட்டும். 1992இல் இங்கிலாந்து சென்ற பாகிஸ்தான் அணியில் வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் பழைய பந்தைக் கடைசி நேரத்தில் உள்ளே திருப்பி விக்கெட்களைச் சாய்த்தார்கள். அதற்கு அங்கே பல பத்திரிகைகளில் வந்த விளக்கம், பந்தைச் சேதப்படுத்துகிறார்கள் என்பது. 2005 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்தின் பிளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும் அதே ரிவர்ஸ் ஸ்விங்கால் ஆஸ்திரேலியாவைத் திணறடித்தபோது அது கலையானது, உழைப்பானது, அறிவியலானது. இடையில் பதின்மூன்று ஆண்டுகளில் அந்தப் பந்துவீச்சைப் பற்றிய அறிவு வளர்ந்தது உண்மைதான். ஆனால் தெரியாத ஒன்றைக் கண்டால் 'புரியவில்லை' என்று எழுதலாம். 'ஏமாற்று' என்றும் எழுதலாம். எந்தச் சொல் கைக்கு வருகிறது என்பது எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்திருந்தது. வாசிம், வக்கார் பெயர்களோடு அந்தச் சந்தேகம் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாமும் அதைச் செய்திருக்கிறோம். 2001 நவம்பரில் போர்ட் எலிசபெத் டெஸ்டில் ஆட்ட நடுவர் மைக் டென்னஸ் ஆறு இந்திய வீரர்களைத் தண்டித்தார். சச்சின் மீதான குற்றச்சாட்டு, களநடுவருக்குத் தெரிவிக்காமல் பந்தைச் சுத்தம் செய்தார் என்பது. வெளியே இதைச் சிலர் 'பந்தைச் சேதப்படுத்தினார்' என்று சுருக்கினார்கள். களநடுவர்கள் புகாரே கொடுக்கவில்லை என்பதை விட்டுவிட்டார்கள். இங்கே 'சச்சினுக்கு அநீதி' என்று சுருக்கினோம். நடுவரின் மேற்பார்வை இல்லாமல் பந்தைச் சுத்தம் செய்யக் கூடாது என்ற விதி உண்மையிலேயே இருக்கிறது என்பதை விட்டுவிட்டோம். தண்டனை அளவுக்கு மீறியது என்றே நான் அன்றும் எழுதினேன், இன்றும் எழுதுவேன். ஆனால் விதியைச் சொல்லிவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

2008 ஜனவரி சிட்னி டெஸ்டையும் இரண்டு நாட்டு வாசகர்கள் இரண்டு வேறு ஆட்டங்களாகப் படித்தார்கள். இங்கே அது தவறான தீர்ப்புகளின் டெஸ்ட். 30 ரன்னில் அவுட் கொடுக்கப்படாத சைமண்ட்ஸ் 162 அடித்ததுதான் செய்தி. அங்கே அது ஹர்பஜன் சைமண்ட்ஸை நிறத்தின் பேரில் இழிவாகப் பேசினார் என்ற புகாரின் டெஸ்ட். ஆட்ட நடுவர் மைக் பிராக்டர் விதித்த 3 டெஸ்ட் தடையை, மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் ஹேன்சன் நீக்கி, தகாத வார்த்தை பேசியதற்காக அபராதமாகக் குறைத்தார். அந்த வாரம் 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' இதழில் பீட்டர் ரோபக், ரிக்கி பான்டிங்கைக் கேப்டன் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதினார். உள்ளூர் வாசகருக்கு, உள்ளூர் கேப்டனைப் பற்றி. நாங்கள் அதை ஆசையோடு எடுத்துப் போட்டோம். ஆஸ்திரேலியரே சொல்கிறார் பாருங்கள் என்று. எதிர்த்தரப்பில் மனசாட்சியோடு எழுதுபவரை மேற்கோள் காட்டுவது சுலபம். அதே வாரத்தில், நிறவெறிப் புகாரைச் சிரிப்பாக்காமல் நிதானமாக விளக்கி எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். அதை எழுதியிருக்க வேண்டியவன் நான். எழுதவில்லை.

வாரியத்துக்கும் ஊடகத்துக்கும் உள்ள உறவு வேறு ஒரு சங்கதி. 2012 நவம்பரில் இங்கிலாந்து இந்தியா வந்தபோது, சில புகைப்பட நிறுவனங்களை மைதானத்துக்குள் விட இந்தியக் கிரிக்கெட் வாரியமான பி.சி.சி.ஐ. மறுத்தது, அதை எதிர்த்துப் பெரிய செய்தி நிறுவனங்கள் அந்தத் தொடரைப் புறக்கணித்தன. அணித் தேர்வு, நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டி.ஆர்.எஸ். முறை, நிர்வாகம் பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்க முடியாமல் 2013இல் ஆஸ்திரேலிய முன்னாள் கேப்டன் இயன் சேப்பல் இந்தியத் தொடரின் வர்ணனைப் பணியை வேண்டாம் என்றார். தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் வீரர் எதைப் புகழ்கிறார் என்பதைவிட, ஐந்து நாளும் எதைப் பற்றிப் பேசவே இல்லை என்று கவனியுங்கள்.

செய்தியாளனுக்கு இதுபோன்ற எழுத்துப்பூர்வ நிபந்தனை தேவையில்லை. ஒரு தேர்வாளரையோ மேலாளரையோ பகைத்துக்கொண்டால் அடுத்த நாள் போன் எடுக்க மாட்டார்கள். அது போதும். பல வருடங்களுக்கு முன் ஓர் இளம் வீரரைப் பற்றி, 'பயிற்சியில் ஒழுங்கில்லை என்று அணி வட்டாரங்கள் தெரிவித்தன' என்று ஒரு செய்தி எழுதினேன். தகவல் சொன்னவர் நீண்ட நாள் பழக்கம், அதுவரை தவறாகச் சொன்னதில்லை. அந்தப் பையனை அழைத்து அவர் தரப்பைக் கேட்கவில்லை. எடிஷன் மூடும் நேரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே இடத்துக்குப் போட்டியிட்ட இன்னொருவருக்கு நெருக்கமானவர்தான் தகவல் சொன்னவர் என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அந்த ஒரு வரியை மற்றவர்களும் எடுத்து எழுதி, அந்தப் பையனின் பெயரோடு அது நின்றுவிட்டது. 'வட்டாரங்கள்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் செய்தி வந்தால் லாபம் யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது நான் மேலே படிக்கிறேன். பெயர் சொல்லாத தகவல் எல்லாம் தவறு என்று சொல்லவில்லை. ஊழல்கள் பலவும் அப்படித்தான் வெளியே வந்தன. பெயர் சொன்னால் தகவல் தருபவருக்கு ஆபத்து என்பது ஒன்று. பெயர் சொல்லாமல் அடுத்தவரைக் கவிழ்ப்பது வேறு.

குற்றச்சாட்டுக்குக் கிடைக்கும் இடம் தீர்ப்புக்குக் கிடைப்பதே இல்லை. 2000 டிசம்பரில், ஆட்ட நிர்ணயப் புகாரில் முன்னாள் கேப்டன் அசாருதீனுக்கு வாழ்நாள் தடை என்றபோது அது எல்லா இடத்திலும் முதல் பக்கம். அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று 2012 நவம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? அவர் செய்தாரா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வழக்கின் முதல் நாளைப் படித்தவருக்குக் கடைசி நாளையும் படிக்கக் கொடுப்பது எங்கள் கடமை.

ஒரு பாக்கி எனக்கும் இருக்கிறது. 2010 பிப்ரவரி 24, குவாலியர். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சச்சின் ஆட்டமிழக்காமல் 200. அன்றிரவு 'ஒருநாள் கிரிக்கெட் வரலாற்றில் முதல் இரட்டைச் சதம்' என்று தலைப்பு வைத்தவன் நான். டெஸ்க்கில் இருந்த ஒருவருக்கும் அது தவறு என்று தோன்றவில்லை. இந்தக் கட்டுரையில் சொன்ன மற்ற எல்லாவற்றிலும் உண்மையைத் தேர்ந்தெடுத்து எழுதினோம். இதில் எழுதியதே பொய். மகளிர் கிரிக்கெட்டில் அதற்கு முன்பே ஓர் இரட்டைச் சதம் வந்திருந்தது. அதில் எதிரணி பலவீனமான டென்மார்க் என்று யாராவது குறுக்கிடலாம். ஆனால் பலவீனமான அணிகளுக்கு எதிராக முரளி எடுத்த 176ஐ நாங்கள் ஒருநாளும் கழித்ததில்லை. 'ஆண்கள்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் தலைப்பு சரியாகியிருக்கும்; இடமும் இருந்தது. திருத்தம் வெளியிடப்படவில்லை. எனவே இங்கே:

ஒருநாள் சர்வதேசப் போட்டியில் முதல் இரட்டைச் சதம் அடித்தவர் ஆஸ்திரேலிய அணியின் கேப்டன் பெலிண்டா கிளார்க். மகளிர் உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக, ஆட்டமிழக்காமல் 229. நாள்: 1997 டிசம்பர் 16. இடம்: மும்பை.