வெரைட்டி ஷோ: தமிழில் எப்படிச் சொல்வது?

'வெரைட்டி' நமக்குப் பழகிய சொல்தான். புளி, எலுமிச்சை, தயிர் என்று கலந்த சாதம் விற்கும் கடைப் பலகையிலும் 'வெரைட்டி ரைஸ்' என்றே எழுதியிருக்கிறது. லத்தீனில் 'வேரியஸ்' என்றால் பலவிதமான என்று பொருள். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எல்லாம் ஒரே மேடையில் அடுத்தடுத்து நடந்த 19ஆம் நூற்றாண்டு அரங்குகளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் அதன் இன்னொரு பெயர் வாட்வில். தொலைக்காட்சிக்கு வந்தபோது வெரைட்டி ஷோ. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எட் சல்லிவன் 1948 முதல் 1971 வரை நடத்தியது இதைத்தான்.

இந்தச் சொல்லுக்காகவே மல்லுக்கு நின்றவர் அமெரிக்க நகைச்சுவை நடிகை கேரல் பர்னெட். 1959இல் நியூயார்க் மேடையில் 'ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்' இசை நாடகத்தில் பெயர் வாங்கியவர். அப்புறம் சிபிஎஸ் தொலைக்காட்சியோடு ஓர் ஒப்பந்தம். முதல் ஐந்தாண்டுக்குள் அவர் கேட்டால், ஒரு மணி நேர வெரைட்டி ஷோ 30 தந்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. கெடு முடியப்போகும் நேரத்தில் கேட்டார். வெரைட்டி ஆண்கள் செய்வது, நீங்கள் நகைச்சுவைத் தொடரில் நடியுங்கள் என்று பதில் வந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் விடவில்லை. 'கேரல் பர்னெட் ஷோ' 1967 முதல் 1978 வரை 11 பருவங்கள் ஓடியது.

சரி, தமிழில்? 'கதம்ப நிகழ்ச்சி' அழகான சொல், ஆனால் கலைஞரைக் 'கதம்பக் கலைஞர்' என்று யாரும் சொல்வதில்லை. 'பல்வகை' வெறும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. 'பல்சுவை நிகழ்ச்சி', 'பல்சுவைக் கலைஞர்' இரண்டும்தான் பொருந்துகின்றன என்பேன். பல என்பது சுவையோடு சேரும்போது 'பல்' ஆகிறது, பல்கலையில் போல. சுவை நாக்குக்கு மட்டும் உரியதும் அல்ல. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எண்ணுகிறது. உரையாசிரியர்கள் அவற்றைச் சுவையோடு சேர்த்தே விளக்குகிறார்கள்.

பர்னெட்டை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். முதலில் நிற்கும் நகை, அதாவது சிரிப்பு, அவருடைய வீடு. 1979இல் 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' தொலைக்காட்சிப் படத்தில், வியட்நாமில் சொந்தப் படையின் குண்டுக்கே மகனைப் பறிகொடுத்த தாயாக நடித்தார். அது அழுகை. 2022இல், 89 வயதில், 'பெட்டர் கால் சால்' தொடரின் மேரியன் பாட்டி. தன் சமையலறையில் ஒரு மோசடிக்காரனோடு தனியாக மாட்டிக்கொள்ளும் அந்தக் காட்சியில், அவர் முகம் முழுக்க அச்சம்.