நீதிபோதனை வகுப்பு மாணவர் மனத்தில் என்ன செய்கிறது?

ஒரு தாளில் சின்னதும் பெரியதுமாகச் சில வட்டங்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். ஒன்றிரண்டு வட்டங்களில் குறி தற்செயலாக விழலாம். எல்லாவற்றிலும் கச்சிதமாக விழுந்திருந்தால் பையன் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான் என்று பொருள். 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பொறிவைத்த சோதனைகளைச் சுமார் 11,000 சிறுவர் சிறுமியரிடம் நடத்திப் பார்த்தார்கள். மாணவரிடமே விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது இன்னொரு சோதனை. தாளின் நகல் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருப்பது மாணவருக்குத் தெரியாது.

1928இல் வெளிவந்த முடிவுகள் நீதிக்கதை சொல்பவர்களுக்கு உவப்பாக இல்லை. தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. விளையாட்டில் பொய்க்கணக்கு சொன்ன பிள்ளை வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தது. ஒழுக்க வகுப்புகளுக்குப் போனதற்கும் நேர்மைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தென்படவில்லை. நம் பள்ளிகளிலும் கால அட்டவணையில் ‘நீதிபோதனை’ என்று ஒரு பாடவேளை உண்டு. பெரும்பாலும் அதைக் கணக்கு ஆசிரியர் கடனாக வாங்கிக்கொள்வார். எஞ்சிய வாரங்களில் நாலு குறள் ஒப்பித்தல், ஒரு கதை, முடிவில் ‘இக்கதையால் நாம் அறியும் நீதி’. ஹார்ட்ஷோர்னும் மேயும் சொன்னதை வைத்துப் பார்த்தால், கடன் போன வகுப்புகளால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அறத்தைக் கற்பிக்கவே முடியாதா? இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க். பிள்ளை என்ன முடிவு எடுக்கிறது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த முடிவுக்கு என்ன காரணம் சொல்கிறது என்பதையே கவனித்தார். அவர் கேட்ட தர்மசங்கடமான கதைகளில் புகழ்பெற்றது ஹைன்ஸின் கதை. ஹைன்ஸின் மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள். மருந்தைக் கண்டுபிடித்த மருந்துக்கடைக்காரர் 200 டாலர் செலவில் தயாரித்ததை 2,000 டாலருக்கு விற்கிறார். ஹைன்ஸால் 1,000 டாலர்தான் புரட்ட முடிந்தது. மீதியைப் பிறகு தருவதாகச் சொன்னாலும் அவர் மசியவில்லை. ஹைன்ஸ் மருந்தைத் திருடலாமா?

‘திருடினால் ஜெயிலில் போடுவார்கள்’ என்கிறது ஒரு பிள்ளை. ‘நல்ல கணவன் என்றால் திருடத்தான் வேண்டும்’ என்கிறது இன்னொன்று. ‘ஆளாளுக்குச் சட்டத்தை மீறினால் ஊர் என்னாவது?’ என்கிறது சற்று வளர்ந்த பிள்ளை. ‘சொத்துரிமை உயிரைவிடப் பெரியதா?’ என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. தண்டனைக்கு அஞ்சுவதில் தொடங்கிப் பொதுவான நெறிகளில் முடியும் ஆறு படிகளாகக் கோல்பெர்க் இவற்றை அடுக்கினார். 1958இல் முடித்த முதல் ஆய்வில் அவர் சிறுவர்களை மட்டுமே பேட்டி கண்டார். பெண்கள் நியாயத்தை யோசிக்கும் விதம் இந்த அளவுகோலில் அடங்கவில்லை என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் போட்ட சண்டை நியாயமானதுதான்.

கோல்பெர்க்கின் மாணவர் மோஷே பிளாட், 11, 12 வயதுப் பிள்ளைகளை வாரம் ஒரு முறை உட்காரவைத்து, இத்தகைய கதைகளைப் பற்றி வாதாடவிட்டார். சரியான விடையைச் சொல்லித் தரவில்லை. 12 வாரங்களில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரு படி ஏறியிருந்தார்கள். எப்படி? தனக்கு ஒரு படி மேலே உள்ள வாதத்தைக் கேட்கும் பிள்ளைக்கு அது பாதி புரிகிறது. தன் வாதத்தில் ஏதோ ஓட்டை இருப்பதும் உறைக்கிறது. அந்த உறுத்தலைத் தீர்க்கத்தான் அது புதிதாக யோசிக்கிறது. ஆசிரியர் நான்கு படி மேலே நின்றுகொண்டு பேசினால் இது நடக்காது. பிள்ளை அந்தச் சொற்களைத் தன் படிக்கு இறக்கிப் புரிந்துகொண்டுவிடும்.

பெர்கோவிட்ஸ், கிப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இந்த உரையாடல்களை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாறி மாறித் தன் கருத்தைச் சொல்லிவிட்டு அமர்வதால் பயன் அதிகமில்லை. ‘நீ சொல்வதன்படி பார்த்தால் மருந்துக்கடைக்காரர் பிள்ளைக்கு நோய் வந்தாலும் இதே நியாயம்தானே?’ என்று அடுத்தவர் வாதத்தைக் கையில் எடுத்து நீட்டி, வளைத்து, உடைத்துப் பார்க்கும் பேச்சில்தான் வளர்ச்சி தெரிந்தது. பட்டிமன்றத்தில் இதைத் தேட வேண்டாம். அங்கே யாரும் எதிரணியின் பேச்சைக் கேட்டு மனம் மாறியதாகச் சரித்திரம் இல்லை.

1985இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இது மேலும் துலங்கியது. தர்மசங்கடங்களைக் கூடி விவாதித்த வகுப்புகள் மிதமான முன்னேற்றம் தந்தன. பாடமாக நடத்திய வகுப்புகளில் பலன் மிகக் குறைவு. மூன்று வாரத்துக்கும் குறைவான பயிற்சிகள் ஏறக்குறைய வீண். பள்ளிப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் பயன்பெற்றார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழிக்கு இது ஒத்துவரவில்லை.

ஆனால் இங்கே அளந்தது யோசனையைத்தான், நடத்தையை அல்ல. 1973இல் டார்லி, பாட்சன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மதகுருவாகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் பேசப் போகச் சொன்னார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதையைப் பேசுவது பாதிப் பேருக்கு வேலை. சந்தில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கதையைப் பேசப் போனதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் உறுதிப்படவில்லை.

இந்த அவநம்பிக்கையை அசைத்தது 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் 1,332 மாணவர்களைத் தத்துவப் பேராசிரியர் எரிக் ஷ்விட்ஸ்கெபலும் இரண்டு தோழர்களும் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு இறைச்சி உண்பதன் அறம் பற்றிய கட்டுரையைப் படித்து விவாதித்தது. இன்னொன்று தானம் பற்றி. பிறகு ஆய்வாளர்கள் மாணவர்களின் கருத்தைக் கேட்டதோடு நிற்காமல், உணவக அட்டைகளின் ரசீதுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். முதல் பிரிவு வாங்கியவற்றில் இறைச்சி உணவு 52 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைந்திருந்தது. மற்றப் பிரிவில் 52 அப்படியே இருந்தது. இத்தனைக்கும் ஷ்விட்ஸ்கெபல், அறவியல் பேராசிரியர்கள் மற்றப் பேராசிரியர்களைவிட நல்லவர்களாக நடந்துகொள்வதில்லை என்று ஆய்வு மேல் ஆய்வாகக் காட்டிவந்தவர்.

தினமும் மதியம் தட்டின்முன் எடுக்கும் ஒற்றை முடிவைப் பற்றிய விவாதம் என்பதால் இது பலித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோல்பெர்க்கும் பிற்காலத்தில் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். ஹைன்ஸின் கற்பனை மருந்துக்கடையை விட்டுவிட்டு, 1974இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் கிளஸ்டர் பள்ளியைத் தொடங்க உதவினார். அங்கே மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. விதிகளை வாராந்திரக் கூட்டம்தான் வகுத்தது. ஒரு மாணவியின் பையிலிருந்து 9 டாலர் திருடுபோனபோது, கூட்டம் வெகுநேரம் வாதாடி, பள்ளியில் இருந்த ஒவ்வொருவரும் 15 சென்ட் போட்டு அதை ஈடுசெய்வது என்று முடிவெடுத்தது. திருடியது யாரோ, நாங்கள் ஏன் தர வேண்டும் என்ற கேள்வியும் அங்கே எழாமல் இல்லை. நம்மில் ஒருவர் பணம் இழந்தால் அது எல்லோருடைய பொறுப்பு என்ற பதிலை ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கவில்லை, பிள்ளைகளே பேசி வந்தடைந்தார்கள். அதன் பிறகு அங்கே திருட்டு நின்றது.

வாரம் ஒரு கூட்டம், அதற்கு முன்னால் சிறு குழுக்களில் ஒத்திகைப் பேச்சு, தோற்றுப்போகும் ஓட்டுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்ளும் ஆசிரியர்கள்: இவ்வளவும் அதற்குத் தேவைப்பட்டன. 1979இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.